பாதி விலைக்கு ஓடிய கார்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது எழுந்து அந்தக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் நல்லது... சரி.

ராத்திரி பதினொன்றரை மணி. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வருகிற புறவழிச் சாலை. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் பொட்டல். பாதி வழியில் ஓர் எடை மேடை. லாரியைச் சுமையோடு ஏற்றி நிறுத்தி எடை போடுவார்களே, அந்த இரும்புத் தகடு. மூடி ரொம்ப நாளாகிறது. கண்ணாடி உடைந்த ஓர் அறை, துருப்பிடித்த தகடு, அவ்வளவுதான்.

அங்கேதான் அந்தக் கார் முதன்முதலில் இருமியது.

கார் இருமுமா என்று கேட்காதீர்கள். இருமியது. ஹைபிரிட் கார். பெட்ரோலும் உண்டு, கரண்டும் உண்டு. மெதுவாகப் போகும்போது சத்தமே இருக்காது, செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி போகும். வேகம் கூடினால் தானாகவே இன்ஜின் விழித்துக்கொள்ளும். அன்றைக்கு விழிக்கும்போது... ஹக்... ஹக் ஹக். ஸ்டியரிங் நடுங்கியது. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவாகவே சரியானது. விளக்கு மட்டும் அணையவில்லை.

காருக்குச் சொந்தக்காரர் இதை எனக்குச் சொன்ன நம்ம டார்ப்பாய்க் கடைக்காரருக்குப் பக்கத்துக் கடை. பிளாஸ்டிக் பக்கெட், குவளை, நாற்காலி மொத்த வியாபாரம். பேர் எதற்கு, மார்க்கெட்டில் அவரை எல்லோரும் ‘அரைவிலை’ என்றுதான் சொல்வார்கள். எந்த விலை சொன்னாலும் முதலில் நாக்கைத் தட்டுவார். த்ச். அப்புறம், “பாதிக்கு வருமா?” என்பார். வராது என்றால் எழுந்துவிடுவார். வாசல் வரைக்கும் மெதுவாக நடப்பார், தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி. திரும்பிப் பார்க்கவே மாட்டார். பின்னாலிருந்து, “சரி... வாங்க” என்று குரல் வரும். அப்போதுதான் திரும்புவார். வாழ்க்கையில் அந்தக் குரல் வராமல் அவர் வாசலைத் தாண்டியது கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எழுந்து நடந்தார் என்பார்கள். அதை அவருடைய மனைவியே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அந்த அம்மாவுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ். அந்தப் போக்குவரத்துக்குப் பெட்ரோல் கணக்குப் பார்த்துத்தான் அரைவிலை இந்தக் காரையே வாங்கினார். ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. கடைசி ஷிஃப்டுக்கு யாரும் வருவதில்லை, அதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், கட்டணத்தைக் குறையுங்கள் என்று பேசினார். குறைத்தார்கள். அந்த மிச்சத்துக்குத்தான் ராத்திரி பதினொன்றரைக்கு அந்தச் சாலை.

மறுநாள் காரைக் கம்பெனி ஷோரூமுக்குக் கொண்டுபோனார். குளிர்ந்த கூடம். எலுமிச்சை வாசனை. ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கார். பார்க்கலாம், கிட்டே போக முடியாது. ஐ.சி.யு மாதிரி. கழுத்துப்பட்டி கட்டிய சர்வீஸ் அட்வைசர் டேப்லெட் பலகை ஒன்றைத் தடவிக்கொண்டே வந்தார்.

“மிஸ்ஃபயர் சார். மூணாவது சிலிண்டர் எரிய மாட்டேங்குது.”

“வாரண்டி?”

“போன மாசத்தோட முடிஞ்சுது. பேட்டரிக்கு மட்டும் இன்னும் இருக்கு.”

“பேட்டரி எப்படி இருக்கு?”

“அருமையா இருக்கு சார்.”

முதலில் ஸ்பார்க் பிளக். ஒரு வாரத்தில் மறுபடி இருமல். அப்புறம் காயில். மறுபடி இருமல். அப்புறம் இன்ஜெக்டர். ஒவ்வொரு தடவையும் பார்ப்பதற்கே தனிக் காசு; பார்த்ததைச் சொல்வதற்கு இன்னொரு காசு என்றுதான் அரைவிலைக்குப் பட்டது. நாலாவது தடவை அட்வைசர் குரலைத் தாழ்த்தினார். துக்கம் விசாரிக்கிற குரல்.

“உள்ளுக்குள்ள தண்ணி இறங்குது சார். இன்ஜின் ஹெட்டைப் பிரிக்கணும். பிரிச்சா மட்டும் போதும்னு கியாரண்டி குடுக்க முடியாது. எங்க சிபாரிசு... இன்ஜினையே மாத்திடறது.”

விலையைச் சொன்னார். அந்த விலைக்கு ஓடுகிற கார் ஒன்றே வாங்கலாம்.

த்ச்.

“பாதிக்கு வருமா?”

“சார், இது சிஸ்டம் போடற ரேட். நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“முடிவா என்ன சொல்றீங்க?”

“அதேதான் சார்.”

அரைவிலை எழுந்தார். நடந்தார். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. கண்ணாடிக் கதவு தானாகவே திறந்தது. வெளியே வந்தார். தானாகவே மூடியது. வெயிலில் நின்றார். முதுகையே காதாக வைத்துக்கொண்டு நின்றார்... யாரும் கூப்பிடவில்லை. கார் நிறுத்துகிற கோடுகளைப் பார்த்தார். ஒருத்தன் வந்து, “டாக்ஸி வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில், கூப்பிடாமலே, அவராகவே உள்ளே போனார். அட்வைசர் அதே இடத்தில் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். இவர் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

“அவளுக்கு நாளைக்கு டயாலிசிஸ்,” என்றார் அரைவிலை. விலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சை ஒரு கடையில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

“புரியுது சார். காபி சாப்பிடறீங்களா? ஃப்ரீதான்.”

வெளி மெக்கானிக்கிடமும் போய்ப் பார்த்தார். அவர் பானெட்டைத் திறந்தார், ஆரஞ்சு நிறத்தில் தடியான ஒயரைப் பார்த்தார், மூடினார். “இதுல கையை வச்சு ஷாக் அடிச்சா, என் வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன் அண்ணே. கம்பெனிக்கே போங்க.” டாக்ஸி எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அந்த நேரத்துக்கு அந்தச் சாலையில் வர டாக்ஸிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை.

அதனால் இருமுகிற காரிலேயே போனார்கள். வந்தார்கள். ஒரு ராத்திரி, திரும்பி வரும்போது... ஹக்... ஹக்... எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்தது. வேகம் செத்தது. உருண்டு உருண்டு, சாலையை விட்டு இறங்கி, அந்த எடை மேடைத் தகட்டின் மேல் ஏறி நின்றது. டங்.

அப்புறம் சத்தமே இல்லை.

பக்கத்து ஸீட்டில் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்தால் அப்படித்தான், துணியைப் பிழிந்து போட்ட மாதிரி கிடப்பார். ஸ்பிரிட் வாசனையும், கையில் ஒட்டிய பிளாஸ்திரி வாசனையும். போனில் சிக்னல் கம்பியே இல்லை. அரைவிலை பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“என்னங்க, இன்னும் ரொம்ப தூரமா?”

“பாதி வந்தாச்சு. தூங்கும்மா.”

இறங்கினார். பானெட்டைத் திறந்தார், அவருக்கு அதில் தெரிந்தது ஒன்றுமில்லை. மூடினார். அப்போதுதான் அவருக்குள் எதுவோ அறுந்தது. அந்த அட்வைசர், அந்தப் பலகை, தானாக மூடிய அந்தக் கதவு... எல்லாமாகச் சேர்ந்து வந்தது. இருட்டைப் பார்த்து, கடையில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

“த்ச். பாதிதான் குடுப்பேன். அதுக்கு மேல கேட்காதே. ஓட்டிக் குடுக்கறதுன்னா குடு.”

சொல்லிவிட்டு நடந்தார். பழக்கம். தகட்டை விட்டு இறங்கும்போது... டங். மண்ணில் காலை வைத்து, தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக.

பின்னால்... டங்.

யாரோ தகட்டில் ஏறினார்கள்.

“சரி... வாங்க.”

ராத்திரியில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்று நமக்குத் தெரியும். சின்ன வயசிலேயே சொல்லித்தானே வளர்த்தார்கள். அவருக்கும் தெரியாமலில்லை. ஆனால் அந்தக் குரலுக்குத் திரும்புவதுதானே அவருடைய பிழைப்பு. அலுத்துப்போன குரல். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேரம் பேசிக் களைத்த வியாபாரியின் குரல். ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. விலை படிந்தது என்றுதான் தோன்றியது.

திரும்பினார். யாரும் இல்லை. கார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நடுக்கமில்லை, ஒரு மஞ்சள் விளக்கில்லை. புது வண்டி மாதிரி.

வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மனைவி எழுந்திருக்கவில்லை. எழுப்பிப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டார். படியேறும்போதுதான்... கை நின்றது. இருபது வருஷமாக மூட்டை தூக்கிய கை அது. எடை தெரியும்.

வீட்டுக்குக் கீழேதான் குடோன். உடைந்த பிளாஸ்டிக் எடை போடுகிற தராசு அங்கே இருக்கிறது. மனைவியை அதில் சாய்த்து உட்கார வைத்தார். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்ததும் எடை பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஐம்பது கிலோ என்று நர்ஸ் சொன்னது காதில் இருக்கிறது. தராசு இருபத்தைந்து காட்டியது.

தராசுதான் கெட்டுவிட்டது என்று படிக்கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரி.

மனைவியை மேலே படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது கீழே, ஷெட்டில்...

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கார் அடிக்குமே, அந்த மணி.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். கார் அணைந்துதான் கிடந்தது, சாவி அவர் பையில். உள்ளே பக்கத்து ஸீட்டுக்கான சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. கதவைத் திறந்தார். ஸ்பிரிட் வாசனை. பிளாஸ்திரி வாசனை. ஸீட் மெத்தை அழுந்தியிருந்தது. கையை வைத்துப் பார்த்தார்... சூடாக இருந்தது.

அவர் கத்தவில்லை. ஓடவில்லை. பெல்ட்டை இழுத்து, காலி ஸீட்டுக்குக் குறுக்கே மாட்டினார். க்ளிக். மணி நின்றது.

“பாதி” என்று சொன்னார், சரி. எதில் பாதி என்று சொன்னாரா? சரக்கு என்னவென்று பேசாமல் விலை பேசிவிட்டார். குவளை விற்கிற பையன்கூடச் செய்யாத தப்பு.

அதற்கப்புறம் அந்த அம்மா காரில் ஏறினால் முழு ஆள். ஆஸ்பத்திரித் தராசில் சரியான எடை, நர்ஸோடு சிரிப்பு, பேச்சு. வரும் வழியில் எடை மேடை தாண்டினால் தூக்கம். வீட்டில்... பாதி. பாதிச் சாப்பாடு. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். “என்னங்க, நாளைக்கு அந்த...” என்பார். அப்புறம் சுவரைப் பார்ப்பார். மிச்ச வாக்கியத்தைக் கேட்க அரைவிலை ராத்திரி கீழே இறங்கிப் போய், காரில் அந்த ஸீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். கேட்குமா என்று டார்ப்பாய்க் கடைக்காரர் கேட்டிருக்கிறார். அவர் குவளைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாராம்.

ஷோரூமுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அட்வைசர் பலகையைப் பார்த்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

“ரெண்டு சிலிண்டர்ல ஸ்பார்க்கே இல்ல சார். செத்துக் கிடக்கு. ஆனா வண்டி நாலும் எரியற மாதிரி ஓடுது. வெளியில யார்கிட்ட குடுத்தீங்க?”

அரைவிலை சாவிக்குக் கையை நீட்டினார்.

“எவ்வளவு வாங்கினாங்க சார்?”

சாவியை வாங்கிக்கொண்டு நடந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை.

ஒரு மாதத்தில் அதே அட்வைசர் போன் பண்ணினார். “உங்க மாடலுக்கு இப்ப நல்ல கிராக்கி சார். எக்ஸ்சேஞ்சுல நாங்களே எடுத்துக்கறோம்.” நல்ல விலை. நினைத்ததைவிட நல்ல விலை. பேரமே பேசாமல் வாயில் வந்து விழுகிற விலை. என்ன செய்வார்? காரை விற்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவரை எங்கே இறக்குவது?

“விக்கிறதா இல்லை தம்பி,” என்று போனை வைத்தார்.

டார்ப்பாய்க் கடைக்காரரிடம் இதையெல்லாம் அவர் சொன்னது ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம். சொல்லிவிட்டுக் கடைசியில், “மறுபடி இருமுது” என்றார்.

“எது?”

“கார். நேத்து எடை மேடைகிட்ட. ரெண்டு தடவை.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “பாதி விலைக்குப் பாதி வேலைதானேப்பா செஞ்சிருப்பான்.”

“இப்ப என்ன பண்ணப் போறே?”

“என்ன பண்றது. ஷோரூம்காரனும் ஒரே ரேட்டு, எடை மேடைக்காரனும் ஒரே ரேட்டு.”

அதுதான் அவர் டார்ப்பாய்க் கடைக்காரரோடு கடைசியாகப் பேசியது.

இனி வருவது அந்த அம்மா சொன்னது. எடை மேடை தாண்டினால் அவருக்குத் தூக்கம் என்றேனே, அன்றைக்குக் கார் தாண்டவில்லை. இருமி இருமி, தகட்டின் மேலேயே போய் நின்றது. டங். பாதித் தூக்கத்தில் அந்த அம்மாவுக்குக் கேட்டதாம். கதவு திறந்தது. வீட்டுக்காரர் இறங்கினார். நாக்குத் தட்டுகிற சத்தத்துக்குக் காத்திருந்தாராம் அந்த அம்மா... வரவில்லை.

“முழுசா குடுத்துடறேன்,” என்றார் அரைவிலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதே இல்லையாம். “அவளை முழுசா விட்டுடு. காரும் ஓடணும். அவ்வளவுதான்.” அப்புறம், ஒரு தடவை பட்ட புத்தி, தெளிவாகச் சொன்னார். “என்னை எடுத்துக்கோ. வேற எதுவும் பேச்சில்லை.”

டங். அவர் தகட்டை விட்டு இறங்கினார். நடக்கிற சத்தம். நிற்கிற சத்தம்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. எங்கேயோ தகரம் காற்றில் ஆடியது. குரல் வராது போல என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியது. ஷோரூம் வாசலில் நின்ற மாதிரி மனுஷர் இருட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்...

“சரி... வாங்க.”

அவர் திரும்பினார். முகம் பளிச்சென்று இருந்ததாம், நல்ல விலைக்குச் சரக்கு முடித்துவிட்டு வருகிற நடையாம். ஆனால் ஓட்டுகிற பக்கம் வரவில்லை. பக்கத்து ஸீட்டுக் கதவு பக்கமாக வந்தார். அவ்வளவுதான் அந்த அம்மாவுக்கு நினைவு இருக்கிறது.

விழித்தபோது, அதே தகட்டின் மேல், அந்த அம்மா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸீட் காலி. பெல்ட் மட்டும் குறுக்கே மாட்டியிருந்தது.

போலீஸ் வந்தது. நாய் வந்தது. நாய் எடை மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து, காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பொட்டல் முழுக்கத் தேடினார்கள். ஒன்றுமில்லை.

இப்போது அந்த அம்மாவே கார் ஓட்டுகிறார். குடோன் தராசில் ஐம்பது கிலோ காட்டுகிறது. வாரம் மூன்று தரம் டயாலிசிஸ் மட்டும் நடக்கிறது, இப்போது பகல் ஷிஃப்டில். நோய் அந்தப் பேரத்தில் சேர்த்தியில்லை. கார் இருமுவதில்லை. ஷோரூமில் கேட்டால் நாலு சிலிண்டரிலும் ஸ்பார்க் இல்லை என்பார்களோ என்னவோ, யாரும் கொண்டுபோய்க் காட்டவில்லை.

போன வாரம் டார்ப்பாய்க் கடைக்கு அந்த அம்மா வந்தார். காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நடுப்பகல். பக்கத்து ஸீட்டுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

“அண்ணே, காருக்கு மேல போட ஒரு உறை வேணும். ஆஸ்பத்திரி வாசல்ல நாலு மணி நேரம் நிக்குது. உள்ள ரொம்ப வெக்கையா இருக்கும்.”

யாருக்கு வெக்கை என்று கடைக்காரர் கேட்கவில்லை. நல்லதாக ஒன்றை எடுத்து மடித்தார். “எடுத்துட்டுப் போம்மா. விலையெல்லாம் எதுக்கு.”

“இல்லண்ணே. விலை சொல்லுங்க. சும்மா வாங்கினா அவருக்குப் பிடிக்காது.”

சொன்னார். பழக்கத்தில், எல்லோருக்கும் சொல்கிற முழு விலையைச் சொன்னார். அந்த அம்மா பேரம் பேசவில்லை. பையைத் திறந்து பணத்தை எடுத்தார்.

அப்போது வாசலிலிருந்து, பாதி இறங்கிய அந்தக் கண்ணாடி வழியாக...

த்ச்.

அது யார் நாக்கு என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்த வாய் அது. அந்தச் சத்தம் கேட்டால் என்ன சொல்ல வேண்டுமோ அதை அதுவாகவே சொல்லிவிட்டது.

“சரி... வாங்க.”

அந்த அம்மா பணத்தை நீட்டிக்கொண்டு எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

வாசலில், காருக்குள்ளே, பெல்ட் கழன்றது. க்ளிக். பக்கத்து ஸீட்டுக் கதவு திறந்தது.